டிக்கியில் குடிவந்த குரல்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் எங்கள் சமையலறை ஜன்னல் எதிர் வீட்டு வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதற்கு வீட்டைக் கட்டினவரைத்தான் கேட்க வேண்டும்.

எதிர் வீட்டில் கப்பல்காரரின் மனைவி தனியாக இருக்கிறாள். அவர் கப்பலில் எஞ்சின் ரூம் மெக்கானிக். போய்ப் பதினாலு மாதம். விட்டுப் போன சாம்பல் நிறக் காரை வாரம் இருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் உறுமவிட்டு, அணைத்து, உறை போட்டு மூடுவாள். ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வேன் வந்து நின்று, அதிலிருந்து ஒரு ஆள் ஸ்டூல் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டி ஒன்றை இறக்கினால் யாருக்குத்தான் கை வேலையில் நிற்கும்? என் பூந்தொட்டிகள் அன்று குடித்த தண்ணீரை ஆயுசில் குடித்ததில்லை.

"என்ன தம்பி, ஃபிரிட்ஜா?" என்றேன் கேட் ஓரமாக.

"இல்லக்கா, சப்-வூஃபர். காருக்குப் பெரிய ஸ்பீக்கர்." ஸ்பீக்கர்காரருக்கு நாற்பது வயதிருக்கும், காதில் பென்சில். பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இது அடிச்சா நெஞ்சு அதிரும்."

ஓட்டாத காருக்கு நெஞ்சதிரும் பாட்டு. சரிதான், புருஷன் ஊரில் இல்லாத குஷி என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நாலு மணிக்கு மாடி வீட்டு டீச்சர் வந்தால் அவிழ்க்க வேண்டிய முடிச்சு.

ஸ்பீக்கர்காரர் வேலை சுத்தம். பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயரை கார்ப்பெட்டுக்கு அடியில் இடது ஓரமாகவே டிக்கி வரைக்கும் கொண்டுபோனார். ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய வயரை வலது ஓரமாக விட்டார்.

"ஏன், ஒரே பக்கம் விட்டா ஆகாதா?"

"ரெண்டையும் ஒட்டி விட்டா எஞ்சின் இரைச்சல் பாட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும்க்கா."

"எங்க வீட்ல நானும் என் நாத்தனாரும் மாதிரின்னு சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்லல தாயே," என்று டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அங்கே தரையில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் கறுப்பு வயரை முடுக்கினார். அரிசி டப்பா அளவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரைச் சீட்டின் முதுகில் பொருத்தினார். எல்லாம் முடிய மதியம் ஆகிவிட்டது. தன் போனிலிருந்து ஒரு மேளப் பாட்டைப் போட்டார். ஐயோ! எங்கள் ஷோகேஸில் கல்யாணத்துக்கு வந்த ஆறு கண்ணாடி டம்ளரும் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர்கூடப் புரண்டு படுத்தார்.

கப்பல்காரர் மனைவி முகத்தில் ஒன்றுமில்லை. "பாட்டு வேண்டாங்க. இதைப் போடுங்க," என்று தன் போனை ஸ்டீரியோவில் இணைத்தாள்.

"ஏய் மூக்கி, சாப்பிட்டியா? பின்கதவு தாழ்ப்பாள் போட்டியா?"

கப்பல்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். கதவு ஸ்பீக்கரில் மட்டும் சன்னமாக வந்தது. பெரிய பெட்டி வாயே திறக்கவில்லை. அவள் முகம் தொங்கிவிட்டது.

"போன்ல கேக்குற மாதிரியேதானே இருக்கு?"

"மேடம், பெட்டி மேளத்துக்குத்தான். பேச்சு இதுக்குள்ள போகாது. போகவிடாம நாங்களே ஆம்ப்ல திருகி வச்சிருவோம். எல்லா வண்டிக்கும் அதே அளவுதான்."

"அந்தத் திருகைத் திறந்து விடுங்க."

"குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். தொழில் தெரியாதவன் பண்ணின வேலைன்னு நாளைக்கு என்னைத்தான் சிரிப்பாங்க."

"அவர் குடத்துக்குள்ள பேசுற மாதிரிதாங்க பேசுவார்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் அங்கே நிற்பதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "உங்களுக்குத் தெரியுமில்லக்கா?"

தெரியும். அவர் கேட்டில் கைவைத்து "என்னங்க, சௌக்கியமா" என்றால் கேட் கம்பி ரீங்கரிக்கும். அப்படி ஒரு அடிக்குரல்.

"போன்ல கொசு மாதிரி வருது. போன வாரம் கண்ணை மூடி அவர் குரலை நினைச்சுப் பாத்தேன். கொசுதான் வந்துச்சு. அவர் வரல."

ஸ்பீக்கர்காரர் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். பாவத்தை அவளே கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் டிக்கிக்குள் குனிந்து திருகினாள். பின்சீட்டில் ஏறி, பெட்டி இருக்கும் பக்கமாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"ஏய் மூக்கி."

சீட்டு அதிர்ந்தது. கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சாப்பிட்டியா?" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து, ஒருவர் பின்னால் நின்று அணைத்துக்கொண்டு கேட்பதுபோல. ஸ்பீக்கர்காரர் ஏற்கனவே சுருட்டி வைத்த வயரை எடுத்து மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். நான் தண்ணீர்க் குழாயை எங்கே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று பார்த்தால், என் செருப்பு முழுக்க வெள்ளம்.

முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது. டீச்சருக்குச் சொல்ல நான் வேறு விஷயம் தேட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் பின்சீட்டில் இருப்பாள். "பின்கதவு தாழ்ப்பாள் போட்டியா?" என்று தெருவுக்கே கேட்கும். "போட்டாச்சு," என்பாள் பழைய மெசேஜுக்கு. நானும் சமையலறையிலிருந்து எங்கள் பின்கதவை ஒரு பார்வை பார்ப்பேன். எங்கள் வீட்டுக்காரர் ஹாலில்தான் இருக்கிறார், கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் சாப்பிட்டியா என்று அவர் கடைசியாக என்னைக் கேட்டது எப்போது? ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"ஏன், நீ சாப்பிடலையா?" என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இதையே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது வாரம் புது மெசேஜ் வந்தது. மதியம் கடையில் பார்த்தபோதே சொன்னாள். "இன்னும் எட்டு மாசமாம்க்கா. மாத்து ஆள் வரலையாம்." சோப்பு விலை ஏறியதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போனாள். கல்நெஞ்சுக்காரி என்றுகூட நினைத்தேன்.

ஆறு மணிக்கு காரில் போட்டாள்.

"மூக்கி, கோவிச்சுக்காதே. எட்டு மாசம்தான். நான் இங்க நல்லா இருக்கேன்."

நல்லா இருக்கேன் என்பதற்கு முன்னால் அவர் ஒரு மூச்சு இழுத்தார். போனில் அது கேட்டிருக்காது. பெட்டியில் கேட்டது. பெரிய மனுஷன் ஒருவன் அழுகையை நெஞ்சுக்குள் அழுத்தி உட்காரவைக்கிற சத்தம். ஷோகேஸ் டம்ளர்கள் கிணுகிணுத்தன. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டேன். அந்த மெசேஜை அவள் மூன்று தடவை போட்டாள். மூன்றாவது தடவை அவரோடு சேர்ந்து அவளும் அழுவது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் காலிங் பெல் அடித்தது. கண் இரண்டும் வீங்கி நின்றாள்.

"அக்கா, ரொம்ப சத்தமா இருக்கா? உங்களுக்கெல்லாம் கேக்குதா?"

"சத்தமா? எங்க வீட்டு டிவி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலையேம்மா," என்றேன். டிவி அணைந்துதான் கிடந்தது.

அவள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் டீச்சர் வந்து, நேற்று எதிர்வீட்டில் என்ன அழுகைச் சத்தம் என்றாள். பாட்டு என்றேன். அவள் போனதும் ஒரு பழைய துண்டை ஆறாகக் கிழித்து, டம்ளர்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் செருகி வைத்தேன். மணி ஆறாகப் போகிறது.