மருந்துப் போத்தலில் வந்த பாட்டு

பதுளையில் ரேடியோ திருத்துகிற பலீலுக்கு ஒரு கெட்ட பழக்கம். அதைக் கெட்ட பழக்கம் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை, இராசையா டீமேக்கர் ஒருவர்தான் சொல்வார். ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் பலீலுக்குப் பிடித்துவிடும். கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கிவிட்டால் போதும். வழுக்கினது சரியான இடத்தில் நின்றதா, தாண்டிப் போய் விழுந்ததா என்றெல்லாம் பார்க்கமாட்டார். கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். முடிந்ததும், "மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி" என்று சொல்லித் தேத்தண்ணிக்குக் குரல் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கடைக்குள் ஐந்தாறு பேர் கூடுவார்கள். பசறை பஸ் கண்டக்டர் ஒருவன் பைலா என்கிற துள்ளல் பாட்டு வாசிப்பான், கம்பி அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். தையல்காரர் மொஹிதீன் இந்திப் பாட்டு வாசிப்பார், பாதியில் மறந்து போய் முதலிலிருந்து தொடங்குவார். இதெல்லாம் போகட்டும். இராசையா வேலைபார்க்கிற தேயிலைத் தோட்டத்திலேயே, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருக்கிற பெரியாயி, சந்தைக்கு வந்த இடத்தில் கடைப்படியில் உட்கார்ந்து, பலீலின் கிட்டாரை வாங்கி மூன்றே மூன்று சுரம் தட்டுவாள். பிள்ளைகளைத் தூங்க வைக்கிற தாலாட்டாம். அதற்கும் அந்த மனுசன், "மூணு சொரந்தான், ஆனா மூணுலயும் தூக்கம் இரிக்கி பாருங்க" என்றார்.

இராசையாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? அவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினெட்டு வருஷமாக டீமேக்கர். பச்சைக் கொழுந்தைத் தேயிலைத் தூளாக்குகிற ஸ்டோரே அவர் மூக்கை நம்பித்தான் ஓடியது. வாசிப்பிலும் அப்படித்தான். கொழும்பிலிருந்து பாடப் புத்தகம் தருவித்து, வாய்க்குள் எண்ணி எண்ணிப் பழகினவர். அவர் இரும்பு போய் நிற்கிற இடத்தில் நூல் பிசகாது. மீசையை ஒதுக்கிவிட்டு வாசித்து முடித்து, பலீலின் முகத்தையே பார்ப்பார். பலீல் கண்ணைத் திறந்து, "நல்லா இரிக்கி, டீமேக்கர்" என்பார். கண்டக்டருக்கும் அதே சொல், ஆயாவுக்கும் அதே சொல், அதிலும் ஆயாவுக்கு ஒரு வரி கூடுதல்!

"கருவாடும் கல்கண்டும் ஒரே வெலையாக்கும் இவருக்கு" என்று வீட்டுக்கு வந்து மனைவி பாக்கியலெட்சுமியிடம் கொட்டுவார்.

"அப்ப எதுக்குப் போறீங்க? இங்கனயே ஒக்காந்து வாசிங்களேன், நான் கேக்குறேன்."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"அது சரி" என்று அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம் வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். அதில் ஒரு துரை, தன் ரேடியோவை ஆண்டாண்டாகத் திருத்திக் கொடுத்த பலீலுக்கு ஒரு கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார். மடியில் கிடத்தி வாசிப்பதற்கென்றே செய்த கிட்டார் அது. கறுத்த மரம், கண்ணாடி போல் மினுமினுப்பு. பலீல் அதைச் சுவரில் மாட்டினார். "எனக்கு வாசிக்கத் தெரியா. கேக்க மட்டுந்தான் தெரியும். வாசிக்கிற கையிக்கித்தான் இது போவோணும். வார மாசம் மொத ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்க. ஒவ்வொருத்தரா வாசிங்க. ஆருக்குக் குடுக்கிறண்டு நீங்களே கூடிச் செல்லுங்க" என்றார். வாசிக்கிறவர்களே கூடிப் பேசி ஒரு பெயரைச் சொல்லவேண்டுமாம்.

அன்றைக்கே இராசையா அந்தக் கிட்டாரைத் தன்னுடையது என்று மனதில் எழுதிக்கொண்டார். கிட்டாருக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். கண்டக்டர் முன்னாலும் ஆயா முன்னாலும் அது தன் கைக்கு வரவேண்டும், அப்போதாவது பலீலின் வாயிலிருந்து 'நல்லா இரிக்கி'க்கு மேலே ஒரு சொல் விழவேண்டும். அதற்காகத்தான் அவர் ஏங்கினார்.

கிளம்புகிற நேரத்தில் பலீல் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். "ஒங்கட ஸ்டோர்ல வீரய்யாண்டு ஒருத்தர் மருந்துப் போத்தல வச்சு வாசிக்கிறாராமே. பெரியாயி செல்லிச்சி. அவரயும் கூட்டிக்கொண்டு வாங்க, டீமேக்கர்."

வீரய்யா, கொழுந்து அரைக்கிற மிசினில் நிற்கிறவன். தேயிலைப் பெட்டிப் பலகையில் தானே ஒரு கிட்டார் அடித்து, சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து மாட்டியிருந்தான். இரும்புக்குப் பதில் டிஸ்பென்சரிப் போத்தல். இராசையா ஒரு தடவை தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போகும்போது அதைக் கேட்டிருக்கிறார். கேட்டதும் நடையை எட்டிப் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பாக்கியலெட்சுமியிடம்கூட அவர் சொல்லவில்லை.

"கூட்டிட்டு வாறேன்" என்று பலீலிடம் சொன்னார். கூட்டிப்போக அவருக்கென்ன பைத்தியமா?

கொழுந்து குமிந்து கிடந்த மாதம் அது. பலீல் சொன்ன ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயந்தரம் வீரய்யா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"ஐயா, நாளைக்குப் பதுளைக்குப் போகலாம்னு இருக்கேனுங்க. பலீல் மொதலாளி வரச் சொன்னாராம்."

"நாளைக்கு ஸ்டோர் ஓடுது. கொழுந்து கெடந்து கருகுதே, கண்ணு தெரியல?"

"மிசினுக்கு வேற ஆளு..."

"நீதான் நிக்கணும்."

"சரிங்கய்யா" என்று போய்விட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தாலாவது இராசையாவுக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஸ்டோரை ஓடவிட்டால் டீமேக்கருக்கும் வேலை உண்டு. அரைத்த கொழுந்தைச் சிமெந்துத் தரையில் பரப்பிப் புளிக்க வைப்பார்கள். பச்சை மாறிச் செம்புக்காசு நிறம் வரும், பழுத்த பழத்தின் வாசனை எழும்பும். அந்தக் கணத்தில் அள்ளி அடுப்புக்கு அனுப்பவேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. முதல் அரைப்பை இராசையா முகர்ந்து பார்க்காமல் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டு, மிச்சத்தை உதவி டீமேக்கரிடம் விட்டுவிட்டு, பத்து மணி ரயிலைப் பிடிப்பது அவர் கணக்கு. கிட்டாரை உறையில் போட்டு ஆபீஸ் மேசையில் தயாராக வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை. மாப்பிள்ளை மாதிரி இருந்தார் என்றே சொல்லலாம்.

கொழுந்து பரப்பியாயிற்று. அள்ளுகிற பதம் வர இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. மிசினை நிறுத்தினார்கள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டது.

வீரய்யா கிட்டாரை வேலைக்குக் கொண்டுவந்திருந்தான். "போகத்தான் விடல, இங்கனயாச்சும் ஒருவாட்டி வாசிச்சுப் பாக்குறேன்" என்று கூட்டாளிகளிடம் சொல்வதும் இராசையாவின் காதில் விழுந்தது.

அதட்டத்தான் போனார். கதவு வரைக்கும் போனவர், எங்கே பிசகுகிறான் பார்ப்போம் என்று நின்றார். பிசகாமலா போய்விடும்? பெட்டிப் பலகை, பிரேக் கம்பி, மருந்துப் போத்தல். ஒரு பிசகைப் பிடித்துவிட்டால் பலீலிடம் போய்ச் சொல்லலாமே.

வீரய்யா வாசித்தது காமன்கூத்தில் காமன் எரிந்தபிறகு ரதி அழுகிற அழுகை. மாசிமாதம் தோட்டத்தில் எல்லோரும் கேட்கிறதுதான். இராசையா கூத்துப் பக்கமே போகாத, உத்தியோகத்தருக்கான ஸ்டாப் வீட்டு மனுசர், ஆனாலும் அது தெரிந்தது. போத்தல் கம்பிமேல் ஏறியது. போய்ச் சேரவேண்டிய சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. இதோ பிசகிவிட்டான் என்று இராசையா வாயைத் திறக்குமுன், அந்த மயிரிழையை மெல்ல மெல்லக் கடந்து போய்ச் சேர்ந்தது. அந்தத் தாமதத்தில்தான் அழுகையே இருந்தது. அடப்பாவி! இத்தனை வருஷம் நூல் பிடித்தாற்போல் நிறுத்தின தன் கைக்கு இது ஏன் தோன்றவில்லை? அடுத்த தடவை பிசகுவான் என்று பார்த்தார். அதற்கும் அடுத்த தடவை. போகக் கால் வரவில்லை. நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

உள்ளே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் சொல்லாமல் கைவைக்கக் கூடாதே, அவர் சட்டமாயிற்றே! உதவி டீமேக்கரும் பெண்களும் கூடையோடு காத்து நின்றார்கள். பாட்டு முடிந்து அவர் திரும்பி வந்தபோது வாசனையே சொல்லிவிட்டது. செம்பு நிறம் தாண்டி, கொழுந்து சாணி நிறத்தில் கிடந்தது. முழு அரைப்பும் பாழ். கீழே பள்ளத்தில் பத்து மணி ரயில் கூவிக்கொண்டு போனது.

தோட்டத்துக்கு வந்திருந்த புதிய துரை வந்து குதித்தார். "யானைக்கும் அடி சறுக்குமா, டீமேக்கர்? என்ன நடந்திச்சு?"

வீரய்யாவின் பெயர் இராசையாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் வாசித்து வேலையைக் கெடுத்தான் என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் டீமேக்கரையே கட்டிப்போடுகிற மாதிரி வாசித்தான் என்று அதற்கு அர்த்தமாகிவிடுமே. அந்தப் பெருமையை அவனுக்குக் கொடுக்கவா? "என் கவனக்கொறைதாங்க, சேர்" என்று ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பலீல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் குடை, மறு கையில் போர்வையில் சுற்றிய கிட்டார். டீமேக்கர் வீட்டு விறாந்தையில் அதை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"நீங்க ஏன் வரல்லண்டு எல்லாருக்கும் கவல. அஞ்சு பேரும் வாசிச்சாங்க. பொறகு ஆருக்குண்டு கேட்டேன். அஞ்சு பேரும் ஒரே பேரத்தான் செல்லினாங்க. டீமேக்கருக்குத்தான் குடுக்கோணுமாம், பிசகாத கை அவர்ட கைதானாம். பெரியாயிதான் மொதல்ல செல்லிச்சி."

கண்டக்டரும் ஆயாவும் தன் பெயரைச் சொன்னார்களா? அவர்கள் இடத்தில் இவர் இருந்திருந்தால் யார் பெயரைச் சொல்லியிருப்பார்? தன் பெயரைத்தான். முகம் சுட்டது.

"வாசிங்க, கேப்போம்" என்றார் பலீல். பாக்கியலெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

கிட்டார் மடியில் கனமாகக் கிடந்தது. பாடப் புத்தகத்திலிருந்து ஒன்றை வாசிக்கத்தான் தொடங்கினார். ஆனால் மூன்று நாளாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொன்று. இரும்பு ஏறும்போது கை தன்னால் ஒரு மயிரிழை கீழே நின்றது. பிறகு மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான், பாடப் புத்தகம் பறந்துவிட்டது. ரதி அழத் தொடங்கிவிட்டாள். நிறுத்த நினைத்தார், கை கேட்கவில்லை.

முடிந்தது. பலீல் கண்ணைத் திறக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. 'நல்லா இரிக்கி' என்று அவர் சொல்லவில்லை.

"டீமேக்கர்" என்றார் தணிந்த குரலில். "இத்தன வருஷமா ஒங்கள கேக்கிறேன். இண்டக்கித்தான் எனக்கு உள்ளுக்க வலிச்சிச்சி. எங்க புடிச்சீங்க இத?"

எந்தச் சொல்லுக்காக வருஷக்கணக்கில் ஏங்கினாரோ அந்தச் சொல் வந்துவிட்டது. கையை நீட்டி வாங்கிக்கொண்டால் போதும். சும்மா மனசில் தோன்றியது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? இராசையா வாயைத் திறந்தார். பொய் வரவில்லை. நல்ல மனசினால் என்று நினைக்காதீர்கள், ஆத்திரம்தான் காரணம். அவன் பாட்டுக்குக் கிடைத்த பாராட்டைத் தின்று வயிறு வளர்க்கவா?

"என்னோடது இல்ல" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஸ்டோர்ல அரைக்கிற மிசின்ல நிக்கிறானே, வீரய்யா. அவனோடது. ஞாயித்துக்கெழம அத கேட்டுக்கிட்டு நின்னுதான் ரயில விட்டேன். கொழுந்தையும் விட்டேன். அவன வரவுடாமப் பண்ணுனதும் நாந்தான்."

பலீல் கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். பலீல் கோபிக்கவில்லை. "அதானே பாத்தேன்" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு எழுந்து குடையை எடுத்தார். "கிட்டார் ஒங்களுக்குத்தான், டீமேக்கர், அதுல மாத்தமில்ல. அவர்ட லயம் எந்தப் பக்கம்?"

இராசையா கையைக் காட்டினார். பலீல் அந்த வயசிலும் படிகளில் அவசரமாக இறங்கிப்போனார்.

பாக்கியலெட்சுமி கோப்பையை எட்டிப் பார்த்தாள். "ரெண்டு வாய் கூடக் குடிக்கலியே. திரும்பி வருவாருல்ல? மூடி வைக்கவா?"

இராசையா மடியிலிருந்த கிட்டாரைப் பார்த்தார்.

"வேணாம், கீழ ஊத்திரு. அவன் வாசிக்கத் தொடங்கினா இவரு எங்க திரும்பி வரப்போறாரு?" என்றார்.