பின்கதவை மறைத்த பெஞ்சு

வேலூர் ஷோரூமில் அந்த வெள்ளை வேனை இன்பராஜ் மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் கட்டிங் மெஷினில் நின்றவன். நாட்றம்பள்ளிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை அதே கம்பெனிக்கு ஏற்றிப்போகும் ஒப்பந்தம் கிடைத்ததும், வேலையை விட்டுவிட்டுச் சொந்த வண்டி எடுக்கத் துணிந்துவிட்டான். அங்கேயே தையல் பிரிவில் வேலை செய்யும் மனைவி கிறிஸ்டினாவும் அன்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள்.

விலையில் குறைக்க முடியாது, கூடுதல் பொருட்களில் வேண்டுமானால் பார்த்துச் செய்யலாம் என்றான் விற்பனையாளர் செல்வகுமார். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் பேரம் நடந்தது. கூரை முழுக்க நீல விளக்கு வேண்டும், பெரிய ஸ்பீக்கர் வேண்டும், ஜன்னலுக்கெல்லாம் கம்பி வேண்டும் என்று இன்பராஜ் அடுக்கிக்கொண்டே போனான். பட்டியலில் தீயணைக்கும் சிலிண்டரும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு அவற்றுக்கு ஈடாக ஸ்பீக்கரைத் தரும்படி கேட்டான். பதிவு முடியும்வரை சிலிண்டர் வண்டியில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று செல்வகுமார் ஒத்துக்கொண்டான்.

"இது பன்னெண்டு சீட்டு. நமக்கு இருபது பேராவது ஏறணும். அதுக்கு இன்னா வழி?" என்று கேட்டான் இன்பராஜ்.

செல்வகுமார் குரலைத் தாழ்த்தினான். பதிவு முடிந்ததும் தனக்குத் தெரிந்த ஷெட்டில் பின்கதவை ஒட்டி உயரமான சாய்மானத்தோடு ஒரு நீள பெஞ்சு அடித்துவிடலாம் என்றான். விளக்கு, ஸ்பீக்கர் வேலையும் அங்கேயே கம்மியில் முடிந்துவிடும்.

வண்டியை ஒப்படைக்கும் மேசையில் ஹேமலதா என்ற பெண் இருந்தாள். பெஞ்சுப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. சாவியை உடனே கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"சார், பின்கதவு அவசரத்துக்கு இருக்குது. அத மூடிட்டா உள்ள இருக்கறவங்க எப்படி வெளிய வருவாங்க?"

"பக்கத்துல கதவு இருக்குதேம்மா" என்று சிரித்தான் இன்பராஜ். ஹேமலதா சாவியைக் கொடுத்தாள். வண்டிக்கு மாலை போட்டுப் படம் எடுத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கிறிஸ்டினாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை என்னவோ போலிருந்தது என்று கிறிஸ்டினா வீட்டுக்கு வந்து சொன்னாள். நல்ல நாளில் அச்சானியமாகப் பேசாதே என்று இன்பராஜ் அதட்டினான்.

பதிவு முடிந்ததும் சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஷெட் வேலையையும் முடித்துக்கொண்டு வண்டி ஓடத் தொடங்கியது. கிறிஸ்டினாவையும் சேர்த்துத் தினமும் இருபத்தொரு பெண்கள் ஏறினார்கள். பெஞ்சில் ஆறு பேர், பக்கத்துக் கதவோரம் போட்ட ஸ்டூல்களில் மூன்று பேர். முதல் மாதம் ஃபியூஸ் அடிக்கடி போனது. ஷெட்காரர் அதை எடுத்துவிட்டு ஒரு தடித்த கம்பியைச் சுற்றிக் கொடுத்தார். அப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை. ஆனால் கூரை விளக்கு அவ்வப்போது தானாக மங்கும், தானாகப் பிரகாசமாகும். ஸ்பீக்கரைப் போட்ட சிறிது நேரத்தில் வண்டிக்குள் ஒரு காட்டமான வாசனை பரவும்.

புது சீட்டு உறையின் பசை வாசனை என்று இன்பராஜ் சமாதானம் சொன்னான். கிறிஸ்டினாவின் பக்கத்து மெஷினில் தைக்கும் முத்துமாரி அதை ஏற்கவில்லை.

"தெனம் ஷூ ஒட்டற சொல்யூஷன் வாசனையிலதான் வேலை செய்யறோம். இது அது இல்லண்ணா. வயர் தீயற வாசனை. ஒருவாட்டி பாத்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண சவாரி வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை நல்ல மழை. வாணியம்பாடியைத் தாண்டி ஆம்பூர் சாலையில் போகும்போது விளக்குகள் ஒரேயடியாக அணைந்தன. கூரைத் துணியின் ஓரத்தில் கருப்பாக ஒரு வட்டம் விரிந்தது. அடுத்த நொடி அது எரிந்து கீழே சொட்டியது.

இன்பராஜ் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குதித்துப் பக்கத்துக் கதவை இழுத்தான். ஸ்டூல்கள் சாய்ந்து கதவை அடைத்துக்கொண்டதில் ஒரு சாண்தான் திறந்தது. பின்னால் ஓடினான். கதவு திறந்தது, பெஞ்சு அசையவில்லை. அதற்குப் பின்னால் புகைக்குள் கைகள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளில் ஒன்றில் கிறிஸ்டினாவின் மோதிரம் தெரிந்தது. சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி மட்டும் இருந்தது.

பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஜாக்கி ராடோடு ஓடி வந்தார். இருவரும் பெஞ்சை நெம்பினார்கள். உள்ளிருந்த பெண்கள் காலால் உதைத்தார்கள். பெஞ்சு பெயர்ந்ததும் ஒருவர்மேல் ஒருவராக வந்து விழுந்தார்கள். கடைசியாக வந்தவள் முத்துமாரி. எரிந்து விழுந்த துணியை மற்றவர்கள்மேல் படாமல் வெறுங்கையால் இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கிறிஸ்டினாவை வெளியே தள்ளிவிட்டதும் அவள்தான். லாரியிலிருந்த சிலிண்டரை அடித்த பிறகுதான் தீ அணைந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. முத்துமாரியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. இனி மெஷினில் தைக்க முடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இன்பராஜ் அவள் கட்டிலருகே போய் நின்றான். முத்துமாரி திட்டவில்லை. பிள்ளைக்குத் தலை பின்னிவிட யாராவது வேண்டும் என்று மட்டும் கிறிஸ்டினாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து ஒரு மாதம் கிறிஸ்டினா கணவனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்பராஜ்மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மாற்றியமைத்த வண்டி என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். கம்பி, விளக்கு, பெஞ்சு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஊரில் இருந்த நிலத்தை விற்று அவன் வண்டியைச் சரிசெய்தான். முதலில் வாங்கிப் பொருத்தியது தீயணைக்கும் சிலிண்டர்.

மறுபடி வண்டி எடுத்த காலை, நாட்றம்பள்ளி நிறுத்தத்தில் பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். இன்னும் எட்டுப் பேர் நின்றார்கள். ஆள் எடுக்கும் மேஸ்திரி அருணகிரி, எல்லாரையும் ஏற்றாவிட்டால் ஒப்பந்தத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"குடுத்துடுங்க மேஸ்திரி" என்றான் இன்பராஜ். "அன்னிக்கி ஷோரூம்ல பேரம் பேசி ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். நான் பேரத்துல வுட்டுக் குடுத்தது இவங்க உசுரு. அது என்னுது இல்ல. வண்டிக்கு எத வேணும்னாலும் பேரம் பேசலாம், அதுல ஏர்றவங்க உசுர பேசக் கூடாது. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்."

அருணகிரி போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். வெளியே நின்ற எட்டுப் பேரில் கிறிஸ்டினாவும் ஒருத்தி. அவள் குடையை விரித்து, மற்ற ஏழு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான்கு அடி போனதும் திரும்பினாள்.

"பாத்து ஓட்டுங்க" என்றாள்.