எகோன் கழற்றிய கம்பளிச் சட்டை

லொல்லன் தீவில் மாசற்ற வயல் என்ற பெயருக்கு விலை உண்டு: டன்னுக்கு முந்நூறு குரோனர். விதைக்குப் போகும் பார்லிக்கும் பன்றித் தொட்டிக்குப் போகும் பார்லிக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். வயலில் ஒரே ஒரு காட்டு ஓட்ஸ் களை தலை நீட்டினாலும் மொத்த விளைச்சலும் பன்றிக்குத்தான். பார்லி போட்டிருந்த குத்ரூனோ விதை விலையை நம்பி வீட்டுக்குப் புதுக் கூரை போட்டுவிட்டாள். மதியம் வயலைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார்.

கடைசியாக ஒருமுறை வயலைச் சல்லடை போட்டுத் தேடப் பக்கத்து வயல்காரன் எகோனைக் கூப்பிட்டிருந்தாள். அவன் தன் வயலுக்குள் புகுந்து குறுக்கே வந்தான். கம்பளிச் சட்டை முழுக்கக் காட்டு ஓட்ஸ் மணிகள், பழுப்பு மயிரும் வளைந்த வாலுமாக. மழை பட்டால் அந்த வால் திருகித் திருகி மணியைத் தானே மண்ணுக்குள் இறக்கிவிடும்.

“அங்கயே நில்லு! சட்டையக் கழட்டு. கால்சட்டையையும்.”

“முப்பது வருஷமா பக்கத்துலயே இருக்கேன். இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?”

“வாய மூடிட்டுக் கழட்டு. உன் வயல்ல பிடுங்காம விட்டதுமில்லாம, எனக்கும் விதைக்க வந்தியா?”

“நான் ஏன் பிடுங்கணும்? மயிரப் பொசுக்கி, வறுத்து, இடிச்சுக் கஞ்சி காச்சிப் பாரு. உழவு செலவில்ல, உரச் செலவில்ல!”

“நல்லாக் குடி. என் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்னு குடி.”

நீள உள்ளாடையும் பூட்ஸுமாக அவன் பார்லிக்குள் நடந்தான். ஆனால் கண் கூர்மை. வாய்க்கால் ஓரத்தில், கதிர்களுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தலையாட்டிய இரண்டு தண்டுகளை அவன்தான் கண்டான். பிடிக்கப் போனவனின் கையைத் தட்டினாள்.

“ஆட்டாதடா, மணி கொட்டிடும்! தலைய மொதல்ல சாக்குக்குள்ள விடு. அப்புறம் பிடுங்கு.”

ஆய்வாளர் பிர்தே வந்து வயல் முழுக்க நடந்தாள். ஒரு தண்டும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எகோனை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவரு ஏன் இப்படி நிக்கிறாரு?”

பிர்தே வரப்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். பதில் எகோன் வயலில், காட்டு ஓட்ஸாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இனி நோட்டீஸ் வரும்; ஆள் விட்டுப் பிடுங்கிக் கூலியை எகோன் தலையில் கட்டுவார்கள். அந்த இரண்டு தண்டும் இவன் கண்ணில் படாமல் போயிருந்தால் குத்ரூன் பார்லியும் பன்றிக்குத்தானே?

“திங்கட்கெழம வந்து பாருங்கம்மா, ஒண்ணுகூட இருக்காது,” என்றாள் குத்ரூன். “அவன் வயல்ல நானே எறங்கிப் பிடுங்குறேன்.”

“சரி, திங்கட்கெழம வர்றேன். அவர ஏதாவது போட்டுக்கச் சொல்லுங்க.”

ஞாயிறு மாலை கடைசிச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குத்ரூன் கணக்குச் சொன்னாள். எகோன் அவளுக்குக் கொடுத்தது அரை நாள். அவள் அவனுக்குக் கொடுத்தது மூன்று நாள். அவன் போட்ட ரொட்டிக்கும் மீனுக்கும் அரை நாள் கழிவு. மீதி இரண்டு நாள், எகோன் பேரில் பாக்கி.