பரம்பரை நுரையீரல்

அந்த டாக்டருக்கு நான் வைத்த பேர் பரம்பரை. வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும். எங்கள் கல் பட்டறையில் யார் இருமிக்கொண்டு போய் நின்றாலும் நெஞ்சில் குழாயை வைப்பார், "உங்க அப்பாவுக்கு இருமல் இருந்துச்சா?" என்று கேட்பார். இருமாத அப்பா உலகத்தில் எங்கே இருக்கிறார்? "ஆமா சார்" என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிடும். பரம்பரை, போய் வா. பட்டறை அவருக்குச் சம்பளம் கொடுப்பது அதற்குத்தான்.

என் கணவரின் அண்ணனுக்கும் அதைத்தான் சொன்னார். அண்ணன் போய்ச் சேர்ந்தார். அடுத்து என் கணவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. "அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வருது. உங்க வீட்டு நுரையீரலே பலவீனம்மா" என்று என்னிடம் சொல்லிக் கை கழுவிவிட்டார். வேலையால் வந்த நோய் என்றால் பட்டறை வைத்தியம் பார்க்கும். ரத்தத்தில் வந்தது என்றால் அவரவர் பாடு.

அதோடு நிறுத்தியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். என் நாத்தனாருக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்தது. பையன் தங்கமானவன், இவளுக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா விசாரிக்கப் போன இடம் இந்த மனிதரின் அறை. "அந்த வீட்டு ரத்தமே சரியில்ல, யோசிச்சுச் செய்யுங்க" என்று அவர் உபதேசம் செய்து அனுப்பியிருக்கிறார். மறுநாளே அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

நாத்தனார் அழவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அண்ணி, என் ரத்தத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். சொன்ன வாயாலேயே அந்த ஆள் அதை மறுத்துச் சொல்ல வேண்டும், நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தேன். சோறு வடிக்கும்போதும் அதே நினைப்புதான்.

எப்படிச் செய்வது என்று மட்டும் தெரியவில்லை. வழி என் நெஞ்சிலிருந்தே வந்தது. எனக்கும் இருமல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பட்டறை டாக்டரிடம் போகப் பிடிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க கல் அறுக்கிற வேலையா?" என்றார்.

"இல்லங்க, வீட்டுக்காரருதான். நான் வீட்டோட இருக்கேன்."

"அவர் துணியை யாரு துவைக்கிறது?"

நான்தான், வேறு யார்? சமையல் மேடைக்குப் போடுகிறார்களே, பளபளவென்று செயற்கைக் கல், அதைத்தான் எங்கள் பட்டறையில் அறுக்கிறார்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். அதனால் காய்ந்த கல்லையே அறுக்கச் சொல்வார்கள். ஆண்கள் வீடு திரும்பும்போது மாவு மில்லில் இருந்து வருகிறவர்கள் போல இருப்பார்கள். அந்தச் சட்டையை அப்படியே தண்ணீரில் போட்டால் பொடி களிம்பாகி நூலில் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு அடித்தாலும் போகாது. அதனால் துவைப்பதற்கு முன்னால் உதற வேண்டும். எங்கள் வீடுகளுக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒரு சந்து, அதில் நின்று பெண்கள் எல்லோரும் ஓங்கி ஓங்கி உதறுவோம். எவள் சட்டையில் பொடி மிச்சமில்லாமல் போகிறது என்று எங்களுக்குள் போட்டி வேறு.

டாக்டரம்மா வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்து வரச் சொன்னார். ஓரகத்தி வந்தாள், அண்ணனின் மனைவி. அவள் படத்திலும் என் படத்தில் இருந்த அதே புள்ளிகள். நாத்தனாரின் நெஞ்சு மட்டும் துடைத்து வைத்த கண்ணாடி போல இருந்தது. இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண், கை முரடாகிவிடும் என்று சொல்லி அவளை ஒரு நாளும் அந்தத் துணியைத் தொட விட்டதில்லை. நாங்கள் உதறும் நேரத்தில் அவள் தையல் கடையில் இருப்பாள்.

எனக்குச் சிரிப்பாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. அந்த வீட்டு ரத்தம் ஓடுகிறவள் கல்லுக் குண்டாட்டம் இருக்கிறாள். வேறு வேறு வீட்டில் பிறந்து வாழ வந்த நாங்கள் இரண்டு பேரும் இருமிக்கொண்டிருக்கிறோம். படங்களைத் தூக்கிக்கொண்டு நேரே பரம்பரையிடம் போனேன். அவர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"உங்க அப்பாவுக்கு இருமல் இருந்துச்சா?" என்றார்.

நான் படங்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். வருகிற வழியிலேயே திட்டம் முழுதாகிவிட்டது. சந்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு, "இந்த வாரம் யாரும் சட்டையை உதறாதீங்க. அப்படியே சுருட்டிப் பையில வையுங்க" என்றேன். ஏன் என்று ஒருத்திதான் கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் முதலில் பை தைத்துக் கொடுத்தது அவள்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை பட்டறையில் ஆரோக்கியக் கூட்டம் போடுவார்கள். குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். இந்த முறை சாப்பாட்டுக் கூடத்தில், ஏசி போட்டு ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேடையில் மேனேஜர், பக்கத்தில் பரம்பரை. நாங்கள் பைகளோடு கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தோம். குழந்தைகளையும் நாத்தனாரையும் வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தோம். பரம்பரை நல்ல காற்று, நடைப்பயிற்சி என்று பேசிக்கொண்டே போனார். "ஆனா சில குடும்பங்கள்ல ரத்தத்திலேயே இருந்தா நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்தேன்.

முன்னால் போய் மேடைக்குக் கீழே நின்று, என் கணவரின் சட்டையை எடுத்துத் தோள்பட்டை இரண்டையும் பிடித்து ஓங்கி உதறினேன். பழகிய கை. ஒரே உதறலில் மேனேஜரின் முகம் மறைந்தது. பின்னாலேயே ஓரகத்தி வந்து இன்னொன்றை உதறினாள். பிறகு வரிசையாக எல்லோரும். கூடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

பரம்பரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். "நிறுத்தும்மா. அது நுரையீரல்ல போய் உக்காந்தா வெளிய வராது. உனக்கு அறிவில்ல?" என்று கத்தினார்.

"தெரியாது சார். நீங்க இதுவரைக்கும் சொல்லலையே" என்றேன்.

அவர் வாசலுக்கு ஓடினார். அங்கே எங்கள் பெண்கள் நின்றார்கள். நானும் போய் நடுவில் நின்றுகொண்டேன். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது, இருமல் தொடங்கியது. நான் அந்த இருமலை ஆசை தீரக் கேட்டேன்.

"சொல்லிட்டுப் போங்க" என்றேன். "என் நாத்தனா நெஞ்சு சுத்தமா இருக்கு. படம் இருக்கு. எங்களுக்கு வந்தது எங்கேருந்து வந்துச்சு?"

"தூசியால" என்றார். "கல் தூசியாலதான். ரத்தத்துல இல்ல."

கூடத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஓரகத்தி அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் எப்போதும் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க. அவரு சாகும்போது, இது எங்கப்பன் எனக்குக் கொடுத்ததுன்னு அப்பாவைத் திட்டிட்டே செத்தாரு" என்றாள்.

அவர் இரண்டாவது முறை சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து ஆளை மடக்கிப் போட்டது. இப்போது மூன்றாவது முறை சொல்லட்டும் என்று நினைத்தேன். என் மாமனாருக்கும் ஒரு தடவை வேண்டும். சாயங்காலம் வரை சொல்லட்டும், எனக்கு வேறு வேலை இல்லை.

அதற்குள் என் கணவர் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்றுதான் அவரால் பேச முடியும்.

"வழி விடு" என்றார். "அவருக்கு மூச்சு கிடைக்கல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

நான் விலகினேன். என் கணவர் கேட்டுக்கொண்டதற்காக மட்டும்தான் விலகினேன்.