நீல நூல் போட்ட சாக்கு

சாக்குத் தைக்கிற ஊசி விரலில் ஏறியபோதுதான் அவளுக்கு உறைத்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கையிலிருந்த நூலைப் பார்த்தாள். நீலம். போன வாரம் களிமண் அள்ளிய சாக்கின் ஒட்டில் ஓடிய நூலும் நீலம்தான்.

தீவன ஆலையில் கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப் போடுவது அவள் வேலை. வெளியிலிருந்து சரக்கோடு வரும் சாக்குக்கு வெள்ளை நூல். நீல நூல் அங்கே அவள் ஒருத்தி கையில்தான் உண்டு. அப்படியென்றால் அந்தச் சாக்கு ஒருமுறை காலியாகி, அவளிடமே தையல் வாங்கிக்கொண்டு, வேறெதையோ வயிற்றில் போட்டுக்கொண்டு திரும்பவும் நின்றிருக்கிறது. வெளியே மட்டும் பழைய எழுத்து: தீவனக் களிமண். சாக்கின் எழுத்தை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள். அவளே அதை நம்பி ஒரு டப்பா அள்ளிக்கொண்டு போயிருந்தாள்.

புருஷனுக்கு ஈரல் கெட்டிருந்தது. ஆலையில் கழித்த மக்காச்சோளத்தைக் கூலியோடு கொடுப்பார்கள். அதுதான் வீட்டில் கஞ்சி. பூசணம் பிடித்த சோளத்தில் விஷம் இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் போகாது, நல்ல தானியமாக வாங்குங்கள் என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். வாங்க வக்கிருந்தால் ஏன் உன்னிடம் வருகிறோம் என்று வாய்வரை வந்ததை இவள் விழுங்கிக்கொண்டாள். பிறகு ஏதோ ஆராய்ச்சி என்று, சோதித்த களிமண் பொடியைப் பொட்டலம் பொட்டலமாக மூன்று மாதம் கொடுத்தார்கள். விஷத்தை வயிற்றிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடுமாம். ஆராய்ச்சி முடிந்தது, பொட்டலம் நின்றது. சோளம் நிற்கவில்லை. கோழித் தீவனத்திலும் களிமண்தானே கலக்கிறார்கள், கோழிக்கு ஆகிறது மனுஷனுக்கு ஆகாதா என்று அவளாகவே முடிவுகட்டினாள்.

ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டுக் கலவை மெஷின்காரரிடம் போனாள்.

"அண்ணே, தூணோரமா நீல நூல் போட்ட சாக்கு நின்னுச்சே, அதுல என்ன?"

"ஏன், உன் தையல் எத்தனை நாள் தாங்குதுன்னு பாக்க வந்தியா?"

"சொல்லுண்ணே."

"மெஷின்ல எண்ணெய் ஒழுகுதுல்ல, அது மேல தூவுற மண்ணு. சாக்கு கெட்டியா இருக்கேன்னு அதுல கொட்டி வச்சேன். ஊறினதையும் காயவச்சு அதுலயேதான் போடுறேன். புதுசுன்னு கேட்டா முதலாளிக்கு நெஞ்சு வலி வந்துரும்." சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

மேஸ்திரியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.  பன்னிரண்டு மணிக்கு மூட்டை தூக்கக் கிளம்புமுன் புருஷன் சாப்பிடுவான். அதற்கு முன்னால் குடிக்கச் சொல்லி, காலையிலேயே பொடியைத் தம்ளரில் கரைத்து மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள். ஐந்து தெரு. செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவன் கிண்ணத்தில் பாதியை முடித்திருந்தான். தம்ளர் காலியாக இருந்தது.

"குடிச்சிட்டியா?"

"ம்."

"ஐயோ, அது எண்ணெய் துடைக்கிற மண்ணுய்யா. ஏழு நாளா உன் வயித்துல அதைப் போய் ஊத்தியிருக்கேன். எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"கத்த மாட்டேன்னு சொல்லு."

"என்ன?"

"நான் ஒரு நாளும் குடிக்கல. மொத நாளே லாரிக்கு அடியில படுத்த மாதிரி வாடை. உன் மூக்குக்குத் தெரியாது, உன் சேலையே அந்த வாடைதான். தினமும் சாக்கடையில ஊத்திட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் கண் கிண்ணத்துக்குப் போனது.

முன்பெல்லாம் தினமும் சோளத்தைக் கொட்டிக் கெட்ட மணிகளைப் பொறுக்கி எறிவாள். டப்பாவில் பொடி வந்த பிறகு, அதுதான் பார்த்துக்கொள்ளுமே என்று விட்டுவிட்டாள். ஏழு நாள். அவன் குடிக்கவில்லை, அவள் பொறுக்கவில்லை. அவன் கண்ணின் மஞ்சள் ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"ஏண்டி, பசிக்குது."

"தெரியுது."

மூலையிலிருந்த சோள மூட்டையைத் தரையில் கவிழ்த்தாள். "கறுத்தது, பச்சை பூத்தது, சுருங்கினது, ஒடைஞ்சது எல்லாம் அந்தப் பக்கம் போடு. சந்தேகம்னாலும் போடு. ஆஸ்பத்திரிக்குப் பொறவு போலாம், நர்ஸ் ரெண்டு மணிக்குத்தான் வரும்."

அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். இருவரும் பொறுக்கினார்கள். கெட்ட பக்கம்தான் சீக்கிரம் வளர்ந்தது.

"இப்படிக் கழிச்சா ராத்திரிக்குப் பத்தாது" என்றான்.

"பத்தாது" என்றாள். "பொறுக்கு."