பங்குனிக்கு எத்தனை சுற்று

நனைத்த சாக்கை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் சவரியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா, எரிச்சலில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அந்த முகம் எனக்குப் பிடிபடவில்லை. ஜவ்வரிசி மில்லில் வறுக்கிற அடுப்பைக் கவனிக்கும் வேலை அவருக்கு. சாக்கும் மில்லில் இருந்து அவர் கொண்டுவந்ததுதான். உள்ளறையின் நாலு சுவருக்கும் நாலு சாக்கு, மணிக்கு ஒரு தரம் ஒரு குடம் தண்ணீர். அந்தப் பங்குனியில் ஆட்டையாம்பட்டிக் கிணறுகளில் வாளி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. நானோ சுவருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, ஒரு திருகாணியத் திருப்பறதுக்குப் பயந்துக்கிட்டு ஊட்டையே குளிப்பாட்டுவாங்களா?" என்றார்.

நான் அடுத்த சாக்கைத் தண்ணீரில் முக்கினேன். அவர் கேட்டது நியாயம்தான்.

அந்தக் குஞ்சு பொரிக்கிற பெட்டி எங்களுடையதல்ல. பங்குச் சாமியாருக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பியது. நாலு குடும்பம் கோழி வளர்த்துப் பிழைக்கட்டும் என்று அவருக்கு ஆசை. அவர் பங்களாவில் பூனைத் தொல்லை. எங்கள் உள்ளறைக்கு ஒற்றைச் சன்னல், காற்று அடிக்காது என்று இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து மருதாசலம் என்று ஒருத்தர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து மாட்டினார். ரசமட்டம் வைத்து நாலு காலையும் சமப்படுத்தினார். பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சூடு தகரக் குழாய் வழியாகப் பெட்டிக்குள் போகும். உள்ளே வெள்ளி ரூபாய் அகலத்தில் ஒரு பித்தளை வில்லை. சூடு ஏறினால் அது பூரி மாதிரி உப்பும். உப்பினால் ஒரு கம்பியைத் தூக்கும், கம்பி விளக்குக்கு மேலே இருக்கிற மூடியைத் தூக்கும், வேண்டாத சூடு வெளியே போய்விடும். ஆறினால் வில்லை அடங்கும், மூடி தானாக விழும். தெர்மாஸ்டாட் என்று பேர். எவ்வளவு சூட்டில் மூடி திறக்க வேண்டும் என்பதைக் கம்பியின் தலையில் இருக்கிற ஒரு சின்னத் திருகாணிதான் முடிவு செய்யும். நூற்றி மூணு டிகிரியைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் அவர் எனக்கா சொன்னார், என் மகளுக்குச் சொன்னார். நான் அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டதுதான்.

அந்தோணிமேரி எங்களுக்கு ஒரே பிள்ளை. எட்டாவது வரை படித்தவள். பெட்டி வந்த பிறகு அவளுக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. மூணு மாசத்தில் மருதாசலத்துக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் சிலுவை, மறுபக்கம் வட்டம் போடுவாள். கோயிலில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூவேளை மணி அடிக்கும்போது அறுபது முட்டையையும் சிலுவையிலிருந்து வட்டத்துக்கு, வட்டத்திலிருந்து சிலுவைக்குப் புரட்டுவாள். வாய் செபம் சொல்லும், கை முட்டையைப் புரட்டும். பெட்டியில் தெர்மாமீட்டர் இருந்தது. ஆனாலும் ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்ப்பாள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது, கண்ணுக்கு முட்டை இருப்பதே தெரியக் கூடாது, அதுதான் சரியான சூடாம். ஒரு நாள் என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னாள். அடுப்புப் புகையில் என் கண் கலங்கியிருந்தது. "கண்ணு காஞ்சிருக்கோணும்மா. ஈரமா இருந்தா சூடு தெரியாது" என்று தன் தாவணியால் துடைத்துவிட்டாள்.

அறுபத்திரண்டாம் வருஷம், தை பிறந்து பத்தாம் நாள் அவள் சேலத்துக்குக் கன்னியர் மடத்துக்குப் போனாள். நாங்கள் அனுப்பவில்லை, தடுக்கவும் இல்லை. தேவனுக்கென்று போகிற பிள்ளையை எந்த வாயால் தடுப்பது? போகும்போது அவளே சொன்னாள், ஈஸ்டர் வரைக்கும் இருந்து பார்க்கிறேன், ஒத்து வரவில்லை என்றால் வந்துவிடுகிறேன் என்று. தன் துணிமணியைக் கட்டி வைத்த பிறகு உள்ளறைக்குப் போய்த் திருகாணியை ஒரு தரம் சரி பார்த்தாள். மெழுகுத்திரியைச் சாய்த்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டாள். "நான் வர்ற வரைக்கும் இதை யாரும் தொடாதீங்க" என்றாள்.

நான் வர்ற வரைக்கும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த நாளையெல்லாம் ஓட்டினேன். மெழுகில் அவள் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் அதைக் குனிந்து பார்ப்பேன். பைத்தியக்காரி என்று யாராவது சொன்னால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாசியில் நன்றாகப் பொரிந்தது. பங்குனியில் கெட்டது. வெயில் ஏற ஏறப் பெட்டியும் நூற்றி நாலு, நூற்றி நாலரை என்று ஏறியது. குஞ்சுகள் ஒரு நாள் முன்னாடியே, கால் விரிந்து, தொப்புள் ஆறாமல் வந்தன. அறுபதுக்குப் பதினெட்டுதான் தேறியது. திருகாணியைத் திருப்பு என்றார் இவர். தொட விடமாட்டேன் என்றேன். பக்கத்து வீட்டு அங்கம்மாள் அன்றைக்கென்று வந்து, பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா?

சேலம் என்ன காசியா, பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் தவக்காலம் நாற்பது நாளும் மடத்தில் பார்க்க விடமாட்டார்கள், கடுதாசியும் கொடுக்கமாட்டார்கள். சாமியாரிடம் போய் நின்றேன். முட்டை விஷயம் மட்டும் எழுது, மதரிடம் நான் சொல்கிறேன் என்றார். எனக்கு எழுத வராது என்றில்லை, நாலு வரி எழுதுவேன். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, உன் தலைமுடியை வெட்டிவிட்டார்களா என்றெல்லாம் எழுதி, அந்தத் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் ஒரே வரி எழுதினேன். பங்குனிக்கு எத்தனை சுற்று?

பதில் வருவதற்குள் அடுத்த முட்டையை வைத்துவிட்டேன். இருபத்தோரு நாளை எண்ணிப் பார்த்து, ஈஸ்டருக்கு, உயிர்த்த ஞாயிறு அன்று பொரிகிற மாதிரி வைத்தேன். அவள் வந்து தன் கையால் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று ஆசை. அதுவரைக்கும் மெழுகு உடையக் கூடாது, முட்டையும் கெடக் கூடாது. அதற்குத்தான் சாக்கு. பெட்டிச் சூட்டைக் குறைப்பதற்குப் பதிலாக அறையையே மாசி மாசமாக்கப் பார்த்தேன். அது ஓரளவுக்கு நடந்தது, அதுதான் வேடிக்கை. என் இடுப்பு ஒடிந்தது, நூற்றி மூணரையைத் தாண்டவில்லை.

குருத்தோலை ஞாயிறு கழிந்து புதன்கிழமை பதில் வந்தது. இவர் அப்போதுதான் மில்லில் இருந்து வந்திருந்தார், மீசையெல்லாம் மாவு. கை கழுவாமல் பிரித்தார். அவள் கையெழுத்துத்தான். இவர் உரக்கப் படித்தார்.

"சேசுவுக்குத் தோத்திரம். பங்குனிக்கு வலப்பக்கம் கால் சுற்று. சித்திரைக்கு இன்னொரு கால் சுற்று. வைகாசியில் அப்படியே இருக்கட்டும். ஆனிக்கு இடப்பக்கம் அரைக்கால். ஆடிக் காற்றுக்குச் சன்னலைச் சாத்திவிட்டு இன்னும் அரைக்கால்..."

ஆடியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். படிங்க என்றேன். ஆவணி, புரட்டாசி மாற்ற வேண்டாம். ஐப்பசி மழைக்கு அரைக்கால். மார்கழிப் பனிக்கு அரைக்கால். தையில் பழைய இடத்துக்கே வந்துவிடும், அங்கிருந்து மறுபடி இதே மாதிரி. சூட்டைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான் கடுதாசி.

இவர் தாளை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்.

"நான் பங்குனிக்குத்தானுங்க கேட்டேன்" என்றேன்.

சாக்கை நனைக்கிற குடத்தை எடுத்துக்கொண்டு அவரே கிணற்றுக்குப் போனார். அடுத்த இரண்டு நாளும் அவர்தான் தண்ணீர் இறைத்தார். திருகாணி என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலை, சண்டையாவது போட்டிருப்பேன்.

பெரிய வியாழன் ராத்திரிப் பூசையோடு கோயில் மணி நின்றுவிடும், சனிக்கிழமை ராத்திரிப் பாஸ்காப் பூசை வரைக்கும் மரக்கட்டைதான் தட்டுவார்கள். முட்டைக்கும் அன்றோடு பதினெட்டு நாள், இனிப் புரட்டக் கூடாது. மணியும் இல்லை, கைக்கு வேலையும் இல்லை. பெரிய வெள்ளி மத்தியானம் சிலுவைப்பாதைக்கு ஊரே போயிருந்தது. இவரும் போனார். நான் வெறும் வயிற்றோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயிலுக்குச் சாக்குகள் ஊற்ற ஊற்றக் காய்ந்தன. நூற்றி நாலு. கொஞ்ச நேரத்தில் நூற்றி நாலரை. அறுபது உயிர் உள்ளே இருந்தது. என் மகள் பதிலில் எல்லாம் சொல்லிவிட்டாள், எனக்குத்தான் கேட்க மனசில்லை. எனக்கு அவள் வேண்டும். மடத்துக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள், எனக்கு ஒருத்திதான். சாமி கோபித்துக்கொண்டாலும் அதுதான் நிஜம்.

மெழுகை நகத்தால் கீறினேன். காய்ந்துபோயிருந்தது, இரண்டு துண்டாக விழுந்தது. ரேகை இருந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். பங்குனிக்கு ஒரு கால், சித்திரைக்கு ஒரு கால். இரண்டையும் சேர்த்து வலப்பக்கம் அரைச் சுற்று திருப்பினேன். எவ்வளவு லேசாகத் திரும்பிவிட்டது! விளக்கின்மேல் மூடி மெல்ல எழுந்தது. சூடு என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது.

அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தேன். சிலுவை மேலே இருந்தது. கண்ணை மூடி இமையில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் தெரியவில்லை. இன்னொரு தரம் துடைத்தேன். முட்டைக்குள் ஏதோ மெதுவாகத் தட்டியது. நான் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தேன்.