திருப்பி மடித்த பெட்டி

மேல்முகத்தில் வலது ஓரம் இருக்க வேண்டிய சுவிட்ச் துளை இடது ஓரத்தில் இருந்தது. அக்கா பெட்டியைத் தலைகீழாகச் சுற்றி வைத்தாள். இப்போது சுவிட்ச் துளை வலப்பக்கம் வந்தது, மேலே இருக்க வேண்டிய விளக்குத் துளைகள் கீழே போயின. மாணவர்கள் மின்னணுப் பாடம் பழகும் கருவி அது. உள்ளே வைக்கும் போர்டு தம்பியுடையது, பெட்டி அவளுடையது. அவனை வேலையை விட்டு வரச் சொன்னதும் அவள்தான். "நீ சர்க்யூட்டப் பாரு, பெட்டி என் பொறுப்பு" என்று வாய் கிழியப் பேசியிருந்தாள்.

"போர்டு படத்த எந்தப் பக்கத்திலேர்ந்து போட்டே?"

"ஈயம் பத்தவைக்கிற அடிப்பக்கம்தான். எப்பவும் அப்படித்தானே போடுவேன்."

எப்பவும்! அவனுக்குப் போர்டு என்றாலே குப்புறக் கிடப்பதுதான், வலது இடதாகத்தான் தெரியும். அவளுக்கோ மாணவன் பார்க்கும் முகம் மட்டுமே கண்ணில் நிற்கும். ஒரே படத்தை நடுவில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசினார்கள், சண்டை கூடப் போட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தவனிடம் இதையெல்லாம் போய்க் கேட்பார்களா என்ன?

சாப்பாட்டு நேரம் முடிந்ததும், கருவியை வாங்க நினைக்கும் கல்லூரி ஆசிரியர் வந்துவிடுவார். இன்று கருவி ஓடாவிட்டால் நாளை வேறொரு கம்பெனியின் கருவியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். தகடு வெட்டித் தருபவர் வெளியூர்க்காரர். இன்னொன்று வர நாளாகும். தம்பி திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். அவனோ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவர்களுடைய கம்பெனி என்பது தகடு மடிக்கும் பட்டறையின் பின்னறைதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் பட்டறைக்காரரிடம் ஓடினாள், தம்பியும் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, எல்லா மடிப்பையும் பிரிச்சு எதிர்ப்பக்கமா மடிச்சிருங்க. துளையெல்லாம் சரியா வந்துரும்."

"வரும்மா. ஆனா இது அலுமினியம். ஒருதரம் மடிச்சதப் பிரிச்சா கீறல் விட்டுரும்."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் போனா என்ன, முழம் போனா என்ன? மடிங்கண்ணே."

அவர் முனகிக்கொண்டே இயந்திரத்தில் தகட்டைச் செருகினார். மடிப்போரங்களில் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. இரண்டு மடிப்புகள் பிரிந்து, மறுபக்கம் மடிந்து நின்றன. மூன்றாவதும் தாங்கியது. அவளுக்கு மூச்சு வந்தது. கடைசி மடிப்பில் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. மூவருக்கும் அது கேட்டது.

மூலையிலிருந்து விரல் நீளத்துக்குக் கீறல். பெயிண்ட் எல்லாம் உள்ளே போய், வெளியே வெறும் தகடு பளபளத்தது. போர்டை உள்ளே வைத்தான் தம்பி. சுவிட்ச் தன் துளையில் அப்படியே உட்கார்ந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவளுக்கு அழுகை முட்டியது. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

ஆசிரியர் உள்ளே வந்தார். தம்பி பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். வலது கட்டைவிரல் கீறலின் மேல் அழுத்தியிருந்தது. அவர் விளக்குகளைப் பார்த்தார், குனிந்து சுவிட்சைத் தட்டினார், முகம் மலர்ந்தது.

"நல்லா வந்திருக்கே. பசங்க தூக்கிக்கிட்டு அலைவாங்க, கனம் எவ்வளவுன்னு பாக்கணும்" என்று கையை நீட்டினார். "குடுங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருந்தது.